டிராலியில் மாட்ட இடமில்லாத பை: வார்டில் தோன்றும் யோசனையை ஒரு நர்ஸ் கருவியாக்குவது எப்படி

நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் ஒன்றைக் கவனியுங்கள். சி.டி. ஸ்கேனுக்கு டிராலியில் போகும் நோயாளியின் யூரோபேக், அதாவது கத்தீட்டர் குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பை, எங்கே இருக்கிறது? கால்களுக்கு நடுவே பெட்ஷீட் மேல் கிடக்கும். இல்லையென்றால் வயிற்றின் மேல் இருக்கும். கூட வரும் மகனோ மருமகனோ அதைச் சலைன் பாட்டில் மாதிரி உயரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு நடந்து வருவதையும் பார்த்திருக்கிறேன்.

பை சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது, குழாய் மடங்கக் கூடாது, நோயாளியை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் முன் பையைக் காலி செய்ய வேண்டும். முதல் வருடத்திலேயே நாம் படித்ததுதான். மேலே வைத்தால் பையிலும் குழாயிலும் தேங்கிய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும், கிருமியும் கூடவே போகும். தெரிந்தும் மேலே வைக்கிறோம், ஏனென்றால் கட்டிலில் பையை மாட்ட இடம் இருக்கிறது, டிராலியில் இல்லை. அந்த இடத்தைத்தான் நான் செய்தேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கொக்கி. அதை மாட்டுவதற்கு எனக்கு மூன்று வருடம் ஆனது. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விருதுநகர் மாவட்டத்துக்காரி. ஜி.என்.எம். நர்ஸிங் டிப்ளமோ முடித்துவிட்டு, வேலையில் இருந்துகொண்டே போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்தேன். 21 வருடத்தில் 9 வருடம் மதுரையில் நியூரோ வார்டு, 4 வருடம் ஓமன், மீதி ஆர்த்தோவும் ஐ.சி.யு.வும். பொறியியல் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. என் அண்ணன், அதாவது பெரியப்பா மகன், கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். என்னிடம் இருந்த ஒரே தொழில்நுட்ப வசதி அதுதான்.

முதலில் குறையை எழுதுங்கள், படம் வரையாதீர்கள்

யோசனை வந்ததும் கை துறுதுறுக்கும், உடனே ஒரு படம் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தைத்த நோட்டு ஒன்று வாங்கிப் பக்க எண் போட்டு, தேதியோடு குறையை மட்டும் எழுதுங்கள். எந்த வேலை, யார் செய்கிறார், எந்த நிமிஷத்தில் தவறுகிறது, தவறினால் என்ன ஆகிறது. நோயாளியின் பெயர், ஐ.பி. நம்பர், போட்டோ எதுவும் அதில் வரக் கூடாது. நான் மூன்று நைட் டியூட்டியில் கோடு போட்டு எண்ணினேன். பை மேலே ஏறியது 11 தடவை. அதில் இரண்டு தடவை ஏற்றி வைத்ததே நான்தான்.

அடுத்தது, அந்தக் குறையை நம் ஆட்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று நாம் செய்யும் வேலைகள் இருக்கிறதே, அங்கேதான் கருவி ஒளிந்திருக்கிறது. எங்கள் வார்டில் ரோலர் பேண்டேஜால் பையை டிராலிக் கம்பியில் கட்டினார்கள். பழைய ஐ.வி. செட் குழாயை வளையமாக முடிந்து வைத்திருந்தார்கள். ஒரு ஆயாம்மா துணி உலர்த்தும் கிளிப்பையே கொண்டுவந்து மாட்டியிருந்தார். ஒவ்வொன்றும் ஏன் போதவில்லை என்று எழுதினேன். பேண்டேஜ் முடிச்சை அவிழ்க்க நேரமாகும். ஐ.வி. குழாய் வழுக்கும். பை நிறைந்தால் கிளிப் தாங்காது. அந்த ஒரு பக்கம்தான் பிற்பாடு பேட்டன்ட் (காப்புரிமை) விண்ணப்பத்தில் 'தற்போதுள்ள முறைகளின் குறைபாடு' என்ற பகுதியாக அப்படியே போனது.

வெறுமனே கவனிப்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பீர்கள். நம்மில் யாருக்கும் தெரியாத ஆனால் தெரிந்திருக்க வேண்டிய ஒருவரைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு ஜெனரல் ஹாஸ்பிட்டலில் சிஸ்டர் ஜீன் வார்டு என்று ஒருவர் இருந்தார். குறைமாதக் குழந்தைகளை வெயிலில் தள்ளிக்கொண்டு போவது அவர் வழக்கம். 1956இல் மஞ்சள் காமாலை இருந்த ஒரு குழந்தையின் உடம்பில் வெயில் பட்ட இடம் மட்டும் மஞ்சள் வெளுத்திருப்பதைப் பார்த்து டாக்டர்களிடம் காட்டினார். 1958இல் டாக்டர் கிரெமரும் கூட்டாளிகளும் லான்செட் மருத்துவ இதழில் ஒளிச் சிகிச்சை பற்றி எழுதினார்கள். இன்று நம் பச்சிளங்குழந்தைகள் ஐ.சி.யு.வில் எரியும் போட்டோதெரபி விளக்கு அங்கிருந்து வந்ததுதான். பார்த்தது ஒரு சிஸ்டரின் கண்.

நான் செய்த முட்டாள்தனம்

முதல் கொக்கியை அண்ணன் பட்டறையில் கம்பியை வளைத்துச் செய்தோம். டிராலிக் கம்பி ஒரு பருமன், வீல்சேர் கம்பி வேறு பருமன். வெர்னியரைக் கடன் வாங்கிக்கொண்டு போய் எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அளந்தேன். 22 மில்லிமீட்டரும் வந்தது, 25ம் வந்தது, 32ம் வந்தது. மூன்றையும் கவ்வுகிற மாதிரி ஒரு பிடியைக் கஷ்டப்பட்டுச் செய்தோம். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் தர வார விழா வந்தது. ஸ்டால் போடச் சொன்னார்கள். போட்டேன். முதல் பரிசு ஒரு சில்வர் டப்பா. மருத்துவப் பொருள் டீலர்கள் வந்து நின்று நிதானமாகப் போட்டோ எடுத்தார்கள். ஒருவருக்கு எப்படிக் கழற்றுவது என்று நானே செய்து காட்டினேன். எட்டு மாதம் கழித்து அதே பிடி, ஒரு டீலரின் விலைப்பட்டியலில் இருந்தது.

காப்புரிமை ஏஜென்ட் ஒருவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இதை யாரிடமாவது காட்டினீர்களா?" என்பதுதான். விண்ணப்பிக்கும் நாளில் அந்தப் பொருள் உலகத்துக்குப் புதிதாக இருக்க வேண்டும். நீங்களே விழாவில் வைத்திருந்தாலும், வாட்ஸ்ஆப்பில் போட்டிருந்தாலும், மாநாட்டில் போஸ்டர் ஒட்டியிருந்தாலும் அது வெளியானதாகவே கணக்கு. சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு. அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்றவை. நம் ஆஸ்பத்திரி ஹாலில் போட்ட ஸ்டால் அதில் வராது. ஆக அந்தப் பிடி போயிற்று. சில்வர் டப்பாவில் இப்போது மிளகு வைத்திருக்கிறேன்.

எனவே விண்ணப்பம் போட்டு எண் வாங்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். காட்டியே ஆக வேண்டிய ஆளிடம் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காட்டுங்கள். சொந்த அண்ணனிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தது. கேட்டேன். சிரித்துக்கொண்டே போட்டார். இன்னொன்று, உங்கள் வேலை நியமனக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். பணியில் இருக்கும்போது கண்டுபிடிப்பது நிர்வாகத்துக்குச் சொந்தம் என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தால் முதலிலேயே பேசி எழுத்தில் வாங்குவது நல்லது.

தேடாமல் பெருமைப்படாதீர்கள்

கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பாவின் எஸ்பாஸ்நெட், நம் நாட்டுக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் மூன்றிலும் இலவசமாகத் தேடலாம். சும்மா வார்த்தை போட்டுத் தேடினால் கடல் மாதிரி வரும். பேட்டன்ட்டுகளுக்கு வகை எண் உண்டு, அதைப் பிடித்தால் வேலை எளிது. கட்டிலில் பை, குடுவை மாட்டும் தாங்கிகளுக்கு ஏ61ஜி 7/0503 என்று ஒரு தனி எண்ணே இருக்கிறது. அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மட்டும்தான் யோசித்தேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் அவ்வளவு பேர் யோசித்து, அதற்கென்று ஒரு அறை கட்டி, பெயர்ப்பலகையும் மாட்டியிருக்கிறார்கள்.

மனம் உடைய வேண்டியதில்லை. மற்றவர்களுடையதைப் படித்தால் அவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்று தெரியும். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை அசையாமல் நிற்கும் கட்டிலை மனதில் வைத்துச் செய்தவை. நம் ஆஸ்பத்திரி டிராலி அசையாமலா போகிறது?

கீழே விழுந்ததுதான் கருவியானது

பையில் 2 லிட்டர் தண்ணீர் நிரப்பி, காலி டிராலியில் மாட்டி, ராத்திரி ஆள் இல்லாத நேரத்தில் ஆயாம்மாவும் நானும் தள்ளிப் பார்த்தோம். வராந்தா முழுக்க நன்றாகப் போனது. லிஃப்ட் வாசலில் அந்த இரும்பு இடைவெளி இருக்கிறது பாருங்கள், அதில் சக்கரம் இறங்கி ஏறியதும் பை ஒரு துள்ளுத் துள்ளி கொக்கியிலிருந்து எகிறி விழுந்தது. கத்தீட்டர் ஒரு ஆளுக்குள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடம்பு கூசியது. நோயாளியிடம் போகும் முன் எத்தனை தடவை வேண்டுமானாலும் தண்ணீரை விழவிடுங்கள்.

கொக்கி வாயில் ஒரு நாக்கு வேண்டும், உள்ளே போக விட வேண்டும், தானாக வெளியே வர விடக் கூடாது. நான் பெருமையாக ஒரு திருகாணிப் பூட்டு வைத்தேன். ஆயாம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிஸ்டர், நாங்க ரெண்டு கையாலயும் டிராலியைப் பிடிச்சிருக்கோம். எந்தக் கையால இதைத் திருக?" பையை மாற்றி மாட்டுகிறவர் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் மாட்டுகிறவர் அவர். ஈரக் கையுறையோடு, கட்டை விரல் ஒன்றால் திறக்க வேண்டும் என்பது அன்றைக்கு நோட்டில் ஏறிய நிபந்தனை. உங்கள் கருவியை யார் கையால் தொடப்போகிறார் என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். நான் ஒன்றரை வருடம் கழித்துக் கேட்டேன்.

பொருள் விஷயத்தில் நான் பட்ட பாடு தனிக்கதை. முப்பரிமாண அச்சில் செய்த முதல் மாதிரி பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக். மலிவு, அழகு. அக்னி நட்சத்திரத்தில் அதை ஸ்கூட்டி டிக்கியில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. 60 டிகிரியை ஒட்டியே அது இளகிவிடுமாம். அளவு சரிபார்க்க அந்த அச்சுப் போதும், வார்டில் வைக்க உதவாது. சரி, எஃகில் செய்வோம் என்றால், நாம் துடைக்கும் 1 சதவீத ஹைப்போ கிருமிநாசினி அதை விட்டுவைக்கவில்லை. சில வாரத்தில் பழுப்புப் புள்ளி. கடைசியில் பாலிப்ரொப்பிலீன். நம் சிரிஞ்ச் பேரல் செய்யும் அதே பிளாஸ்டிக்தான். ஷாம்பு பாட்டில் மூடியை ஆயிரம் தடவை மடித்தாலும் அந்த மெல்லிய இடம் முறியாமல் இருக்கிறதே, அதுவும் இந்த வகைதான். அதே வித்தையில் நாக்கைக் கொக்கியோடு ஒரே துண்டாகச் செய்ய முடிந்தது. ஸ்பிரிங் வேண்டாம், திருகாணி வேண்டாம், அழுக்கு சேரும் இடுக்கு குறைவு. 5 கிலோ எடை கட்டி, ஹைப்போவில் ஊறவைத்து எடுத்து, மறுபடி கட்டிப் பார்த்தோம்.

தாக்கல்

ஏஜென்ட் இல்லாமலும் போடலாம். நான் போட வேண்டாம் என்பேன். கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற வரி, எழுதுவது நம் நர்ஸிங் நோட்ஸ் மாதிரி இல்லை. நான் எழுதிய முதல் கிளெய்ம் 'யூரோபேக் மாட்டும் கொக்கி' என்று இருந்தது. ஏஜென்ட் படித்துவிட்டு, "இது உங்க பாட்டி வீட்டு உறிக்கும் பொருந்துமே அம்மா" என்றார்.

இந்தியாவில் யார் முதலில் விண்ணப்பிக்கிறாரோ அவருக்குத்தான் முன்னுரிமை, நோட்டில் முதலில் எழுதியவருக்கு இல்லை. அதனால் வடிவம் முழுதாகத் தேறும் முன்பே தற்காலிக விவரணையோடு தாக்கல் செய்து தேதியைப் பிடித்துவிடலாம். அந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணை கொடுத்தே ஆக வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தனி நபர் ஆன்லைனில் போட்டால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பரிசீலனை கேட்டுத் தனியாகப் படிவம் 18 போட வேண்டும், 4,000 ரூபாய். 31 மாதத்துக்குள் போடாவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும். யாரும் போன் செய்து ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

நம்மில் பெரும்பாலோருக்கு உதவும் ஒரு வழி உண்டு. விண்ணப்பதாரர் பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசீலனை கேட்கலாம். படிவம் 18ஏ, 8,000 ரூபாய். முன்கூட்டியே வெளியிடக் கேட்கும் படிவம் 9க்கு 2,500 ரூபாய். ஏஜென்ட் கட்டணம் வேறு. அதை முதல் சந்திப்பிலேயே மொத்தமாகப் பேசிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஆன்லைனில் நடப்பதால் நான் ஒரு தடவைகூடப் போகவில்லை.

பரிசீலனை அறிக்கை வந்ததும் கலங்காதீர்கள். ஆட்சேபம் இல்லாமல் அறிக்கையே வராது போலிருக்கிறது. எனக்கு வந்தது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எஃப்). தெரிந்த பொருள்களைச் சும்மா சேர்த்து வைத்தது கண்டுபிடிப்பு ஆகாது என்பது அதன் சாரம். பதில் சொல்ல 6 மாதம் உண்டு. நாக்கும் கொக்கியும் ஒரே துண்டாக இருப்பதால் துள்ளலில் பூட்டு இன்னும் இறுகுகிறது, தனித்தனியாக வைத்தால் அப்படி நடக்காது என்று லிஃப்ட் வாசல் சோதனையை வைத்துப் பதில் எழுதினோம். இன்னொரு பிரிவும் நர்ஸுகளுக்கு முக்கியம், 3(ஐ). சிகிச்சை முறைக்குக் காப்புரிமை கிடையாது. புதுவிதமாக டிரெஸ்ஸிங் செய்யும் முறை உங்களிடம் இருந்தால் அதற்குக் கிடைக்காது, அதற்காக நீங்கள் செய்த பொருளுக்குக் கிடைக்கலாம்.

உங்களைப் பற்றி ஒரு பக்கம்

தயாரிப்பாளரிடம் போனாலும் மானியம் கேட்டாலும் 'உங்கள் பின்னணி' கேட்பார்கள். மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் (BIRAC) பயோடெக்னாலஜி இக்னிஷன் மானியம் 50 லட்சம் வரை தருகிறது, அங்கேயும் கேட்பார்கள். நான் முதலில் எழுதியது: '21 ஆண்டு அனுபவமும் சேவை மனப்பான்மையும் கொண்ட செவிலியர்.' பிரிவு உபசார விழா வாழ்த்து மடல் மாதிரி இருந்தது. யாரும் பதில் போடவில்லை.

இரண்டாவது தடவை இப்படி எழுதினேன்: தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு, ஆர்.என்., ஆர்.எம்., பதிவு எண், தேசியப் பதிவேட்டின் என்.யு.ஐ.டி. எண், புதுப்பித்த தேதி. அப்புறம் நியூரோ வார்டில் 9 ஆண்டு. நீண்ட நாள் கத்தீட்டரோடு இருக்கும் நோயாளிகளைப் பராமரிப்பதும் ஸ்கேனுக்கு அனுப்புவதும் அன்றாட வேலை. தொற்றுக் கட்டுப்பாட்டு இணைப்பு நர்ஸாக 3 ஆண்டு. கடைசியாக, இந்தக் குறையை எத்தனை டியூட்டி எண்ணினேன், எத்தனை மாதிரி செய்தேன், எது ஏன் உடைந்தது. அவ்வளவுதான். உங்கள் சர்வீஸில் எந்தப் பகுதி இந்தக் கருவியைத் தொடுகிறதோ அதை மட்டும் எழுதுங்கள். என் ஓமன் வேலையை ஒரு வரியில் முடித்தேன், ஆர்த்தோவைச் சொல்லவே இல்லை. உடைந்த மாதிரிகளின் பட்டியலைத்தான் தயாரிப்பாளர் இரண்டு தடவை படித்தார்.

ஒரு எச்சரிக்கை. 'தொற்றைக் குறைக்கும்' என்று எழுதாதீர்கள். அதை நிரூபிக்கப் பெரிய ஆய்வு வேண்டும். 'பையைச் சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழே வைத்திருக்கும்' என்பது என்னால் அளந்து காட்ட முடிந்தது, அதோடு நிறுத்திக்கொண்டேன். வார்டில் நோயாளியிடம் வைத்துப் பார்ப்பதற்கும் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன். இன்சார்ஜ் சிஸ்டர் தலையசைத்தது அனுமதி ஆகாது.

தயாரிப்பாளரும் விதிகளும்

2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள்படி கருவிகள் ஆபத்தின் அளவுக்கு ஏற்ப ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு. நாக்கை அழுத்தும் குச்சி ஏ, ஊசி பி, வென்டிலேட்டர் சி, இதய வால்வு டி என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். ஏ, பி உற்பத்திக்கு மாநில அதிகாரி, சி, டிக்கு மத்திய அமைப்பு. கிருமி நீக்கம் தேவைப்படாத, எதையும் அளக்காத ஏ வகுப்புக் கருவி என்றால் உரிமம் இல்லாமல் ஆன்லைன் பதிவு போதும். என் கொக்கி அந்த வகைதான். முதல் தடவை முயல்கிறவர்கள் உடம்புக்குள் போகாத, தோலைத் துளைக்காத ஒன்றில் ஆரம்பித்தால் பாதிச் சுமை குறையும்.

பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தி வார்க்கும் ஊசிவார்ப்பு அச்சு செய்ய லட்சக்கணக்கில் ஆகும். என்னிடம் அது இல்லை, அதனால் தயாரித்து விற்கும் உரிமையை ஒரு தயாரிப்பாளருக்குக் கொடுத்துவிட்டேன். கதவு கதவாக ஏறி இறங்கியபோது எனக்குத் துணையாக இருந்தது டென்மார்க் நர்ஸ் எலிஸ் சோரன்சென் கதை. தங்கை தோராவுக்கு ஸ்டோமா, அதாவது மலம் வெளியேற வயிற்றில் ஒரு திறப்பு, வைத்தபின் வெளியே போகவே பயந்தார் என்பதால் 1954இல் ஒட்டிக்கொள்ளும் ஸ்டோமா பையை யோசித்தவர். பிளாஸ்டிக் தயாரிப்பாளர் ஒருவர் முதலில் முடியாது என்றார். அவருடைய மனைவியும் நர்ஸ். அவர் பார்த்ததும் புரிந்துகொண்டு கணவரைச் சம்மதிக்க வைத்தார். 1957இல் கோலோபிளாஸ்ட் பிறந்தது அப்படித்தான். என் தயாரிப்பாளரின் மனைவி வங்கியில் வேலை பார்க்கிறார், அதனால் எனக்கு அந்த உதவி கிடைக்கவில்லை.

ஒப்பந்தத்தில் மூன்று வரியை மட்டும் வக்கீலிடம் அழுத்திக் கேளுங்கள். ராயல்டி எந்த விலையில் கணக்கு, ஆஸ்பத்திரி விலையிலா டீலர் விலையிலா? வருடத்துக்குக் குறைந்தது எவ்வளவு தருவார்? குறிப்பிட்ட காலத்தில் தயாரிக்காவிட்டால் உரிமை எனக்குத் திரும்புமா? மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள், யோசனை அவர் அலமாரியில் தூங்கும்.

நிறம் பற்றிய பேச்சு கடைசியாக வந்தது. வெள்ளைதான் சுத்தமாகத் தெரியும் என்றேன் நான். தயாரிப்பாளர் நீலம் என்றார். ஆயாம்மாவிடம் கேட்டேன். "வெள்ளைன்னா பெட்ஷீட்டோட சேர்ந்து லாண்டரிக்குப் போயிடும் சிஸ்டர். மஞ்சளாப் போடச் சொல்லுங்க." மஞ்சளில்தான் வருகிறது.